செந்தேரிக் கூடம்

செந்தேரிக் கூடம் திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ரிசார்ட்டிலிருந்து புகார் வந்துவிட்டது. சூதாட வந்தவர்கள் ஆட்டத்தின் நடுவில் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்களாம். யாரையோ எதிர்பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து ஆடுகிறார்களாம். பிறகு மறுபடியும் பார்க்கிறார்களாம். கூடத்தை வடிவமைத்தவள் நான் என்பதால் நேரில் வரச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

முன்பெல்லாம் இப்படி ஒரு புகார் வந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தத் தடவை வரவில்லை. படித்தேன், வருகிறேன் என்று பதில் போட்டேன், அடுப்பிலிருந்த பாலை இறக்கினேன்.

"நானும் வாரேன்" என்றார் ஆசீர். ஆசீர் என் கணவர், சாத்தான்குளம் பக்கத்தில் கால்நடை மருத்துவர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போடுகிறவருக்குச் சூதாட்டக் கூடத்தில் என்ன வேலை?

"நீங்க அங்க வந்து என்ன செய்யப் போறீங்க?"

"கேக்கப் போறேன். உன்னோடத உனக்குத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கப் போறேன். வருசம் முடியப் போவுதுல்லா, கனி?"

அவர் எதைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்பது புரிய வேண்டுமானால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சூதாட்டக் கூடங்களுக்குத் தாழ்ந்த கூரை, வளைந்து வளைந்து போகும் வழி, ஜன்னலே கிடையாது. உள்ளே வந்தவனுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று மறந்து போக வேண்டும். அதற்கப்புறம் வந்தவர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். சிறை மாதிரி இருந்தால் ஓடத் தோன்றும், தோட்டம் மாதிரி இருந்தால் உட்காரத் தோன்றும் என்று கண்டுபிடித்தார்கள். கூரை உயர்ந்தது. செடி, தண்ணீர், மலை, காடு எல்லாம் கூடத்துக்குள் வந்தன. என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்பும் வந்தது.

எங்கள் ரிசார்ட் தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு. நாட்டுச் சட்டம் கரையோடு நின்றுவிடும்படி அதற்கு ஏதோ ஏற்பாடு உண்டு. முதலாளிகள் முதலில் ஐந்திணையும் வேண்டும் என்றார்கள். யாரோ ஒரு பேராசிரியர் திரையில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். பாலை என்றால் பிரிவு என்று அவர் சொன்னதும், அது ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள். பிரிந்து போகிறவன் பர்சையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுவானே! கடைசியில் வடிவமைப்பாளர்கள் ஆளுக்கொரு நிலத்தைக் காட்ட, ஒரு பைன் காடு, ஒரு காயல், எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரி என்று மூன்று கூடங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். தேரி என்னுடையது.

கண்ணுக்கு அழகாகச் செய்வது பெரிய வேலை இல்லை. தரையில் அலை அலையாகச் சிவப்புக் கம்பளம், கூரையில் பனை ஓலையின் விசிறி மடிப்பு, சாயங்கால வெயிலின் நிறத்தில் விளக்கு. ஆனால் இது எல்லாம் போதாது. வந்தவனுக்கு அந்த இடம் தன் இடம் என்று தோன்ற வேண்டும். அதற்குத்தான் 'வேர்' வந்தது. ஒருவர் மனசுக்குப் பிடித்த ஓரிடத்தில் நிற்கும்போது, இனிமேல் இங்கேயே இருந்துவிடலாம் என்று அவர் உடம்பு நினைக்குமே, அந்த நினைப்பைத் தலையில் ஒரு தொப்பி மாட்டி எடுத்துவிடுவார்கள். கூடத்து நாற்காலிகளின் தலைப்பகுதி வழியாக அதையே மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க மனசு வராது.

முதலில் தேரியிலேயே வாழ்கிறவர்களிடம் எடுத்துப் பார்த்தோம். ஒரு முந்திரிக்காட்டுக் காவல்காரர், பதனீர் இறக்கும் ஒருவர். அந்தப் பதிவைக் கொடுத்ததும் சோதனைக்கு உட்கார்ந்திருந்த ஆள் சட்டென்று எழுந்து, மும்பைக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். தேரியில் வாழ்கிறவர்களுக்குத் தேரியை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. திறப்பு விழாத் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தேரி பிடிக்கும். நான் தொப்பியை மாட்டிக்கொண்டேன்.

என் வேர் பிரமாதமாக இருந்தது. விளக்கை அணைத்த பிறகும் சோதனை ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். ஆனால் வேரைப் பிரதி எடுக்க முடியாது. நாற்றைப் பிடுங்கி நடுவதுபோலப் பெயர்த்துத்தான் வைக்க முடியும். ஒப்பந்தத்தில் 'சிறிது மந்தம் ஏற்படலாம்' என்று போட்டிருந்தது. விரும்பினால் ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கேட்கலாம் என்றும் போட்டிருந்தது. தேரி மேல் உள்ள பிரியம்தானே போகும், போகட்டும் என்று நினைத்தேன்.

தீவில் வேரைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது ஆசீர்தான் கதவைத் திறந்தார். அவர் யார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெயர், ரத்த வகை, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "என்ன, அப்படிப் பாக்குத?" என்று கேட்டார். "செருப்பக் கழட்டணும், கொஞ்சம் தள்ளுங்க" என்றேன்.

அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சமைத்தேன், சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், கேட்டால் பதில் சொன்னேன். கேலிகூடப் பேசினேன். கேலிக்கும் பிரியத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் அவர் பிறந்து சில மணி நேரமே ஆன ஆட்டுக்குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து என் மடியில் விட்டார். தாய் செத்துப்போய்விட்டதாம். அது என் விரலைச் சப்பியது. "அழகா இருக்குல்லா?" என்றார். "அழகா இருக்கு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குட்டியைத் திருப்பி எடுத்துப் போனார்.

இன்னொரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று நான் மோட்டாரைப் போட்டேன். என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டுவதற்கு உள்ளே எதுவும் என்னைத் தள்ளவில்லை, அவ்வளவுதான்.

படகில் போகும்போது ஆசீர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருக்கிறீர்கள் என்றேன். சிரித்தார்.

தீவில் எங்களை வரவேற்றது தமயந்தி. வேர் பதியும் பொறியாளர், கோயம்புத்தூர்க்காரப் பெண், எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பாள். "வாங்க மேடம், வாங்க சார். முதல்ல கூடத்தப் பாத்துருவோமுங்க. எனக்குத் தலையே வெடிச்சுரும்போல இருக்குதுங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

கூடம் நிறைந்திருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் சாய்ந்து, கால் நீட்டி, சொந்த வீட்டில் இருப்பதுபோல இருந்தார்கள். ஆனால் புகார் உண்மை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தலை நிமிரும். எல்லோரும் ஒரே உயரத்தில், நாலைந்து அடி முன்னால் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. முகம் வாடும், தலை குனியும்.

"வெளிச்சம் கூசுதான்னு பாத்தேன். ஏசி காத்தான்னு பாத்தேன். ஒண்ணுமில்லீங்க" என்றாள் தமயந்தி.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஆசீர் கம்பளத்தின் நடுவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். அந்தச் சிவப்பை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். பழக்க தோஷத்தில் தேரி மணலில் நடப்பதுபோலக் காலைச் சற்று அகற்றி வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல நடந்தார்.

ஒரு வரிசை நிமிர்ந்தது. அடுத்த வரிசை நிமிர்ந்தது. இந்தத் தடவை யாரும் குனியவில்லை. சீட்டு பிரிக்கும் பெண் கையில் சீட்டுக்கட்டோடு காத்திருந்தாள், ஆடுகிறவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆசீரைப் பார்த்தார்கள். குண்டாக ஒருவர் பாதி கடித்த சமோசாவை அவரிடம் நீட்டி, "சாப்பிடுங்க" என்றார். ஒரு வயதான அம்மாள் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"வந்துட்டீங்களா? ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

ஆசீர் நின்றுவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, சட்டைக் காலரில் சொட்டியது. துடைக்கக்கூட இல்லை. தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது நான் கேட்கிற கேள்வி அது. கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

தமயந்தி மெல்வதை நிறுத்தியிருந்தாள். எங்களைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"மேடம், பதிவு எடுத்த அன்னைக்கு யாரும் உங்ககூட வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தமுங்களே. யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரல. இவங்க மட்டும் முன்னால நடந்தாங்க."

"சார் வந்தாருங்களா!"

"முன்னாலதான் நடந்தாங்க" என்றேன் மறுபடியும். அவளுக்கு அது ஏன் புரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

ஆசீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "தேரிக்குள்ள யாரும்மா தனியாப் போவா? மண்ணு கொதிக்கும், காலு புதையும். காத்துல பாதையே இடம் மாறிரும். முன்னால ஒராளு போவணும். அவரு மிதிச்ச எடத்துலயே மிதிச்சுப் பின்னால வரணும். கல்யாணமான நாள்லேர்ந்து ஞாயித்துக்கிழம ஜெபம் முடிஞ்சா நாங்க அப்படித்தான் போவோம். நான் முன்னால, இவ பின்னால."

எங்கள் பக்கத்தில் முன்னால் நடக்கிறவரை யாரும் துணை என்று கணக்கில் சேர்ப்பதில்லை. மணல் மாதிரி, பனை மாதிரி, அவரும் போகிற வழியில் சேர்த்திதான். தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாகப் போய் வந்தேன் என்று நான் எழுதிக் கொடுத்ததில் பொய் எதுவும் இல்லை.

"அப்ப நாங்க எடுத்தது தேரி இல்லீங்க" என்றாள் தமயந்தி, மெதுவாக. "மேடம் தேரியப் பாக்கவே இல்லைங்க. சாரோட முதுகத்தான் பாத்துட்டு நடந்திருக்காங்க. இங்க உக்காந்திருக்குற அத்தன பேருக்கும் இப்ப அது வேணுமுங்க. முன்னால யாரோ போகோணும். அது சாரா இருக்கோணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூடம் வாடிக்கொண்டிருந்தது.

"சரிம்மா. அதத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார் ஆசீர். "அதுக்குத்தான் வந்தோம்."

"குடுக்கலாமுங்க சார். மறுபடி தேரிக்குப் போகோணும், நீங்க முன்னால நடக்கோணும், மேடம் பின்னால வரோணும். நீங்க இல்லாம ஆகாதுங்க. ஆனா ஒண்ணு, மறைக்காமச் சொல்லீர்றேன். பிடிச்சாப் பிடிக்கும், பிடிக்கலைன்னா இல்லீங்க. பாதிக்குப் பாதிதான். பிடிக்கலைன்னா இங்கயும் இருக்காது, மேடம்கிட்டயும் இருக்காது. அழிஞ்சே போயிருமுங்க."

"செஞ்சிருவோம்" என்றேன் நான்.

எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆசை இருந்தால் எதைத் திருப்பிக் கேட்பது? ஆனால் இத்தனை மாதமாக அவர் அது ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார். நியாயமாகப் பார்த்தால் செய்துவிட வேண்டும். எனக்கு இப்போது நியாயம் நன்றாகவே தெரிகிறது.

ஆசீர் கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வயதான அம்மாள் இன்னமும் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுச் சொல்லுதோமே" என்றார்.

திரும்பி வரும்போது படகில் காற்று அதிகம். அவர் என் தலையில் துண்டைப் போட்டுவிட்டார்.

"யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"நான் வீட்டுக்குள்ள வரும்போது நீ எப்படிப் பாப்பேன்னு எனக்கு மறந்தே போச்சு, கனி. எத்தன நாளா நெனச்சு நெனச்சுப் பாத்தும் வரல. இன்னைக்கு வந்துட்டு."

"அதத்தான திருப்பிக் கேக்கோம்."

"பிடிக்கலைன்னா?"

"இப்ப எப்படி இருக்கோமோ அப்படியே இருப்போம்."

"அப்படியே இல்ல" என்றார். "இப்ப அது ஒரு எடத்துல இருக்கு."

அதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் தனியாகத் தீவுக்குப் போனார். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போனார். பிறகு நடுவாரத்திலும் போனார். ஊரில் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று போன் வந்தால் நான் எடுத்து, பக்கத்து ஊர் டாக்டரின் எண்ணைக் கொடுத்தேன். ரிசார்ட்காரர்கள் சும்மா இருப்பார்களா? படகும் அறையும் சாப்பாடும் கொடுத்தார்கள், ஒரு பதவிகூடத் தருகிறேன் என்றார்கள். அவர் பதவி வேண்டாம் என்றுவிட்டார். சீட்டைத் தொடமாட்டார், இயந்திரத்தில் கை வைக்கமாட்டார். மற்றபடி நடப்பார், கொஞ்சம் உட்காருவார், மறுபடி நடப்பார். புகார்கள் நின்றன. செந்தேரிக் கூடத்துக்காக எனக்கு ஒரு விருதும் வந்தது. மேடையில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

ஒப்பந்த வருடத்தின் கடைசி நாளும் வந்தது. அன்று அலுவலகம் மூடுவதற்குள் கேட்டால்தான் உண்டு. ஆசீர் வீட்டுப் பக்கம் வராமல் நாலு நாளாகியிருந்தது. படகு ஏறிப் போனேன்.

தமயந்தி வாசலிலேயே நின்றாள். "சார் சரின்னா இப்பவே எழுதிக்கிறேனுங்க மேடம். நான் வேற யாரையும் கேக்கமாட்டேன்" என்றாள். அவள் எதையும் மெல்லவில்லை. அவளுக்கு எனக்காக வருத்தம் என்று தெரிந்தது. நல்ல பெண்.

கூடத்தில் ஆசீர் தூரத்தில் நடந்துகொண்டிருந்தார். முடி வளர்ந்திருந்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தார். நன்றாக இருந்தார். அவர் சுற்றி வரட்டும் என்று காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என் முதுகுக்கு இதமாக இருந்தது. நல்ல நுரை, நானே தேர்ந்தெடுத்தது. வேர் கொடுத்தவளிடம் நாற்காலி வேலை செய்யாது, வேறொன்றும் நடக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் காரைக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். வைரத்தோடு போட்டிருந்தாள். இயந்திரத்தை மறந்துவிட்டு ஆசீர் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுகள உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியும். ஒரே வீடுதான்."

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண்ணில் பொறாமை இருந்தது. அதற்காக அவளே கொஞ்சம் கூச்சப்பட்டதும் தெரிந்தது. "குடுத்துவச்சவுக" என்றாள்.

அப்போது ஆசீர் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். நான் எழுந்தேன்.

"என்னங்க, இன்னைக்குத்தான் கடைசி நாள். அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கா. நீங்க சரின்னு சொன்னாப் போதும். நாளைக்கே தேரிக்குப் போயிரலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் மறுபடி என் முகத்துக்கு வந்து, எதையோ தேடி, சீக்கிரமே தேடுவதை விட்டுவிட்டார்.

"போவோமா?" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம், கனி" என்றார்.

மூன்று கூடங்களிலும் எல்லா நாற்காலிகளிலும் எல்லோரும் சொல்கிற அதே பதில். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு வருத்தம் வரவில்லை. வர வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது.

மறுபடி உட்கார்ந்தேன். காரைக்குடி அம்மாளின் பக்கம் திரும்பினேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அவரப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கு?"

"ஏன் கேக்குறீக? உங்களுக்குத் தெரியாததா?"

"சும்மா சொல்லுங்களேன்."

அவள் யோசித்தாள். கன்னம் லேசாகச் சிவந்தது. "எப்படிச் சொல்ல... வெயில்ல ரொம்ப தூரம் நடக்குறோம். முன்னால அவுக போறாக. எங்க போறோம்னு தெரியல. ஆனா கேக்கத் தோணல. கால் சுடுது, அதுகூட நல்லாத்தான் இருக்கு. அவுக திரும்பிப் பாக்க மாட்டாக, ஆனா நாம நின்னா அவுகளும் நிப்பாக. அது நமக்குத் தெரியும்..."

வாசலில் தமயந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், பிறகு திரும்பி நடந்து போனாள். அலுவலகத்து விளக்கு அணைந்தது.

அந்த அம்மாள் பேச்சை நிறுத்தியிருந்தாள். நான் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றேன். "அப்புறம்?"